வாங்குவது யானை, தீனி தனி

மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் விடுமுறை நாளில் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள், எலிஃபெண்டா லாஞ்சுகளுக்கு அப்பால் ஆடிக்கொண்டிருக்கும் பாய்மரப் படகுகளைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: என்ன விலை?

அது பாதிக் கேள்வி. வாங்கிய விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்களின் தோராயக் கணக்கு. மும்பையில் செலவினங்கள் கண்ணெதிரே தெரியும். வெதுவெதுப்பான கடலில் கொட்டலசு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். சுரண்டி, அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடிக்காவிட்டால் வேகம் படுத்துவிடும். வெயிலில் பாய்த்துணி நைந்துபோகும். ஜூனில் மழை தொடங்குமுன் சிறிய படகுகளைக் கரையேற்ற வேண்டும். அதற்குக் கூலி, வைக்கும் இடத்துக்கு வாடகை.

சரி, மரமா, ஃபைபர் கிளாஸா? மும்பையிலேயே பிறந்த 'சுஹைலி'யின் கதை இதற்குப் பாடம். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் (வ.உ.சி. எதிர்த்துக் கப்பல் விட்ட அதே கம்பெனிதான்) அதிகாரியான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், கொலாபாவில் இந்தியத் தேக்கில் கட்டுவித்த 32 அடிப் படகு அது. 1964 டிசம்பரில் தண்ணீரில் இறங்கியது. 1968இல் உலகைத் தனியாகச் சுற்றும் போட்டி வந்தபோது அவர் விரும்பியது பெரிய, புதிய எஃகுப் படகு. பணம் புரளவில்லை, சுஹைலியை விற்கவும் முடியவில்லை. இருப்பதைக் கொண்டே கிளம்பினார். வழியில் பலகை இடுக்கு கசிய, நடுக்கடலில் மூழ்கிக் கலப்பத்து பார்த்தார். 312 நாளில் திரும்பினார். புறப்பட்ட ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே.

வேடிக்கை பிறகுதான். 1997இல் லண்டன் கிரீனிச் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கடல் செய்யாததை அந்த உலர்ந்த காற்று செய்தது: பலகைகள் சுருங்கத் தொடங்கின. 2002இல் அவரே வெளியே எடுத்து, துருப்பிடித்த இரும்பு ஆணிகளை மாற்றப் பல ஆண்டுகள் உழைத்தார். மரப்படகு சும்மா நின்றாலும் செலவு வைக்கும்.

ஃபைபர் கிளாஸுக்குக் கலப்பத்து வேண்டாம், ஆணி துருப்பிடிக்காது. ஆனால் நீர் ஊறினால் மேல்தோல் கொப்புளிக்கும். பாய், கம்பிவடம், அடிப்பெயின்ட் செலவு இரண்டுக்கும் பொது. பழைய படகு வாங்குபவர் கம்பிவடத்தின் வயதைக் கேட்டாக வேண்டும். பத்தாண்டு தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லிப் பேரம் பேசலாம்.

இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி 2018 கோல்டன் குளோப் போட்டிக்கு, சுஹைலியின் சாயலில் கோவாவில் புதிதாகக் கட்டிய 'துரியா'வில் போனார். தென் இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்தது; முதுகில் பலத்த காயத்தோடு மீட்கப்பட்டார். மரத்தைக் குறைசொல்ல முடியாது. அந்தப் போட்டியில் வென்ற ஃபைபர் கிளாஸ் 'ரஸ்லர் 36' படகுக்கும் புயலில் பாய்மரம் சேதமானது. ஆனாலும் அடுத்த போட்டிக்கு அபிலாஷ் தேர்ந்தெடுத்தது பழைய ரஸ்லர் 36 ஒன்றைத்தான். 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.