'மனச்சாட்சி' என்னும் சொல்

களக்காட்டுக்குத் தென்கிழக்கே உள்ள இடையன்குடியில் 1841 முதல் பல்லாண்டு வாழ்ந்த கால்டுவெல், தம் ஒப்பிலக்கண முன்னுரையில் (முதற்பதிப்பு 1856, திருத்திய பதிப்பு 1875) பண்டைத் திராவிடரின் சொல்வளத்தை ஆராய்கின்றார். நினைவைக் குறிக்க அவர்கட்குச் சொல் உண்டு. ஆங்கிலத்தார் 'கான்ஷியன்ஸ்' என வழங்கும் அகவுணர்வுக்குத் தனிச்சொல் இல்லை என்பது அவர் கருத்து. அதனை அறிவு வளராமைக்கு அடையாளமாகவும் கொண்டார். ஒப்பிலக்கணத்திற்குத் தமிழுலகம் பட்ட கடன் பெரிது. எனினும் இம்முடிபினை யாம் உடன்படுதற்கில்லை.

அவ்வாங்கிலச் சொல்லையே முதற்கண் பகுத்துக் காண்போம். முன்னொட்டு 'உடன்' எனப் பொருள்படும் இலத்தீன் இடைச்சொல். நடுவில் நிற்பது 'அறி' என்னும் வினையடி. இறுதியது பண்புப்பெயர் ஆக்கும் விகுதி. ஆகவே 'உடனறிதல்' என்பதே சொற்பொருள். இது பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்த கடன்சொல். அப்பொருளில் வழங்கிய அவர்தம் சொந்தச் சொல் 'இன்விட்', அதாவது உள்ளறிவு. காண்டர்பரித் துறவி மைக்கேல் 1340இல் முடித்த அறநூலின் பெயரில் அச்சொல்லைக் காணலாம். பின்னர் அது வழக்கிறந்தது. கடன்சொல் வருமுன் ஆங்கிலேயர்க்கு அவ்வுணர்வே இல்லை என்று எவரும் கூறார்.

இனி 'மனச்சாட்சி'. இதன் இரு கூறும் வடமொழி. 'சாட்சி' என்பதில் 'ச' உடனையும் 'அக்ஷ' கண்ணையும் குறிக்கும். இலத்தீனில் உடனிருந்து அறிவது, இங்கே உடனிருந்து காண்பதாயிற்று. பவர் தலைமையில் கால்டுவெல்லும் பங்குகொண்டு 1871இல் வெளிவந்த விவிலியத் திருத்தத்தில், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் இச்சொல் இடம்பெற்றுள்ளது.

தமிழ் இதனை ஒரு பெயரால் அன்றி, நெஞ்சு என்னும் பெயரோடு அறிதல் என்னும் வினையைக் கூட்டி உரைக்கும். கால்டுவெல் கண்டது பெயரை மட்டுமே, வினையை நோக்கினாரல்லர். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர், பொய்யை அறிவதும் பொய்த்தவனைச் சுடுவதும் அவன் நெஞ்சே என்கிறார். சத்தியவாகீசர் கோயில் கொண்ட களக்காட்டில் ஒருவர் 'நெஞ்சறியப் பொய் சொல்லேன்' எனின், கேட்போர்க்கு உரை வேண்டுவதில்லை. இலத்தீன் சொல்லின் 'அறி' என்னும் கூறு அத்தொடரில் அப்படியே நிற்கின்றது.

சாட்சிக்கும் பழந்தமிழில் 'கரி' என்னும் சொல் உண்டு. இக்காலத்தார் 'மனச்சான்று' என எழுதுவர். சான்று, 'சால்' என்னும் அடியிற் பிறந்தது. மனம் வடசொல் என்று கருதி 'உளச்சான்று' என்பாரும் உளர். யாம் இரண்டனையும் ஏற்பினும், கரியை மறந்தமைக்குச் சிறிது வருந்துகின்றோம்.