மீண்டும் புத்தகம் ஏந்தும் தாய்மார்

கலியாண் சந்திப்பு என்றதும் மும்பைவாழ் தமிழர் நினைவிற்கு வருவன ஊருக்குச் செல்லும் வண்டியும் மூட்டை முடிச்சுகளுமே. அவ்வூருக்கு வேறொரு பெருமையும் உண்டு. மேல்நாட்டு மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்டிருள் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷி 1865ஆம் ஆண்டில் அங்கேதான் பிறந்தார். 9 வயதில் அவருக்கு மணம் நடந்தது. 14ஆம் வயதில் ஓர் ஆண் மகவை ஈன்றார். தக்க மருத்துவ உதவி கிட்டாமையால் அக்குழந்தை பத்தே நாளில் மறைந்தது. அத்துயரமே அவரை மருத்துவம் பயிலத் தூண்டிற்று. 1883இல் கப்பலேறி அமெரிக்கா சென்றார்; 1886இல் பிலடெல்பியா நகரில் பட்டம் பெற்றார். ஆயினும் எலும்புருக்கி நோய்க்கு ஆளாகி, தாயகம் திரும்பிய சில மாதங்களில், 1887 பிப்ரவரியில், 22 வயது நிரம்புமுன்னரே காலமானார்.

அவர்தம் கணவர் கோபால்ராவ் எம்மைப் போன்றே ஒரு குமாஸ்தா. அஞ்சல் நிலையத்தில் பணி. மனைவியைப் படிக்கவைக்க ஊர்ப்பழிக்கு அஞ்சாது நின்றவர். பாடத்தை விட்டு அடுக்களை வேலையில் இறங்கியதற்காக மனைவியை அடித்தவர் என்றும் அவரைப் பற்றிக் கூறுவர். படி என்று ஏவுவது வேறு. படிப்பவரின் சுமையைத் தாங்குவது வேறு. நம் குடும்பங்கள் இன்று கருத வேண்டியது இவ்வேறுபாட்டையே.

கல்கத்தாவின் காதம்பினி கங்கூலி அம்மையார் மணமான பின் மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். 1893இல் பிள்ளைகளை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிரிட்டன் சென்று மேலும் தகுதிகள் பெற்றவர். மாணவியாயிருந்த காலத்தில் பேறுகாலத்திற்கென 13 நாட்களே அவர் வராதிருந்தார் என்று நைட்டிங்கேல் அம்மையார் 1888இல் எழுதிய கடிதமொன்றில் வியந்துள்ளார். வியக்கத்தக்கதே. ஆயினும், பதினான்காம் நாளே வகுப்பிற்கு வந்தாக வேண்டிய நிலை நம் பெண்மக்களுக்கு வேண்டுவதன்று.

நிற்க, இன்றுள்ள வழியைக் கூறுவோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மணமேடை ஏறியவர்கள் நம்மிடையே பலர். 1989இல் மத்திய அரசு நிறுவிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வாயிலாக அவர்கள் வீட்டிலிருந்தே பன்னிரண்டாம் வகுப்புப் பயிலலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது முறை தேர்வெழுத வாய்ப்புண்டு. ஒருமுறை தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டுவதில்லை. அச்சான்றிதழை இந்தியச் செவிலியர் மன்றமும் ஏற்கிறது. அதன்பின் துணைச் செவிலியர் பயிற்சி 2 ஆண்டு. பொதுச் செவிலியர் பட்டயம் 3 ஆண்டு. செவிலியர் பட்டம் 4 ஆண்டு. பட்டத்திற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். பட்டயத்திற்கு அறிவியல் கட்டாயமன்று; ஆங்கிலத்தில் தேறியிருத்தல் வேண்டும். பட்டயம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவர் பின்னர் 2 ஆண்டு பயின்று பட்டமும் பெறலாம்.

ஏட்டில் உள்ள வழி இது. இல்லத்தில் இது நடந்தேறும் விதத்தையும் சொல்லியாக வேண்டும். எம் மனைவியார் 19 வயதில் மணந்து, இரு மக்களுக்குத் தாயான பின், இவ்வழியே பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, இன்று பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவியாக இருக்கிறார். முதலில் அணுகிய ஒரு பள்ளியில், “குழந்தைக்காரிக்கு இது ஒத்துவராது” என்று விண்ணப்பப் படிவமே தர மறுத்தனர். வேறொரு பள்ளி இடம் தந்தது. உண்மைத் தேர்வு அதன் பிறகே தொடங்கிற்று. காலை 7 மணிக்கு அவர் வார்டில் நிற்க வேண்டும். 6 மணிக்கே வீட்டை விட்டுப் புறப்படுவார். யாம் இரவுப் பணி முடிந்து திரும்புவதோ 8 மணிக்கு. இடைப்பட்ட இரண்டு மணி நேரம் நான்கு வயதுச் சிறுமியை யார் பார்ப்பது? ஊராயின் ஆச்சியோ அத்தையோ இருப்பர். இங்கே யார் உளர்?

எதிர்வீட்டு மராத்தியப் பாட்டியார் தாமே முன்வந்தார். சிறுமி அவரை ‘ஆஜி’ என்றே அழைக்கிறாள். நோயாளிகளிடம் பேச வேண்டிய மராத்தியை எம் மனைவியார் கற்றதும் அவரிடமே. தையலில் வந்துகொண்டிருந்த சிறு வருவாய் நின்றது. இரண்டு பொங்கலுக்கு ஊர்ப்பயணத்தை நிறுத்தினோம். யாமும் உலை வைக்கப் பழகினோம். எம் தாயார் இங்கு வந்திருந்தபோது, “அடுப்படியில் நிற்கவா ரயில்வேயில் உத்தியோகம் வாங்கினாய்?” என்று கேட்டார். நீரிழிவால் ஆறாதிருந்த அவரது காற்புண்ணை மருமகள் நாள்தோறும் கழுவிக் கட்டுப்போட்டபின் அக்கேள்வி மறுமுறை எழவில்லை.

எம் மனைவியாருடன் சேர்ந்த மற்றொரு தமிழ்ச் சகோதரி, எட்டு மாதக் கைக்குழந்தையைப் பார்க்க ஆளின்றி முதலாண்டிலேயே விலகிவிட்டார். படிப்பில் அவரே முந்தியவர். அவரைத் தடுத்தது பாடமன்று; காலை நேரத்து இரண்டு மணிக்கூறே. எதிர்வீட்டில் ஓர் ஆஜி வாய்ப்பது எல்லோர்க்கும் கிட்டும் பேறன்று. அதனை நற்பேற்றிற்கு விட்டுவிடுவதும் அறமன்று.

நம் சங்கத்தின் கூடம் ஞாயிறு நீங்கலாக ஏனைய நாட்களில் மாலைவரை பூட்டியே கிடக்கிறது. ஓய்வுபெற்ற பெரியோரும் தாய்மாரும் முறைவைத்துக் காலை 6 மணி முதல் 9 மணிவரை அங்கே அமர்ந்தால், நாலைந்து குழந்தைகள் பாதுகாப்பாய் விளையாடும். நாலைந்து தாய்மார் வகுப்பிற்குச் செல்வர். இதனை அடுத்த பொதுக்குழுவில் முன்மொழிய எண்ணியுள்ளோம். அன்பர்கள் பெருந்தொகை தர வேண்டுவதில்லை. வாரத்தில் ஒரு காலைப்பொழுதைத் தருவோர் தம் பெயரைச் செயலாளரிடம் பதிந்தாற் போதும். விலகிய சகோதரியின் குழந்தை இப்போது நடக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த சேர்க்கைக்கு அவர் மறுபடி விண்ணப்பிக்க இருக்கிறார். அதற்குமுன் கூடத்தின் காலைச் சாவி யார் கையில் என்பதை நாம் முடிவு செய்தாக வேண்டும்.