கூடு காக்கும் அப்பா மீன்

பசியே இல்லாத ஒரு மீன் தூண்டிலைக் கடிக்குமா? கடிக்கும். அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு விஞ்ஞானி பல ஆண்டுகள் பாடுபட்டுக் கண்டுபிடித்தார். அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை, பிள்ளைகளே. கதையின் நாயகன் ஒரு மீன். அதன் பெயர் பாஸ்.

நம் ஊர்க் கடைகளில் கொடுவா மீனுக்கு 'சீ பாஸ்' என்று பலகை எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு, இது வேறு. நான் சொல்லும் பாஸ் நன்னீர் மீன், வட அமெரிக்காவின் பிள்ளை. அதில் இரண்டு வகை முக்கியம்: பெரிய வாய் பாஸ், சிறிய வாய் பாஸ். எப்படிப் பிரித்து அறிவது? வாயை மூடிய மீனின் கண்ணைப் பாருங்கள். வாயின் ஓரம் கண்ணையும் தாண்டிப் பின்னால் போனால் பெரிய வாய். கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் சிறிய வாய். பிறகு நிறம்: முன்னது பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, பின்னது பழுப்பு.

அதன் அறிவியல் பெயருக்குப் பின்னால் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. 1802-இல் லாசெபேத் என்ற பிரெஞ்சு அறிஞரின் கைக்கு ஒரு சிறிய வாய் பாஸ் வந்து சேர்ந்தது. அதன் முதுகுத் துடுப்பு சேதமாகியிருந்தது. பிய்ந்து தனியாக நின்ற பின்பகுதியை அவர் இன்னொரு குட்டித் துடுப்பு என்று நினைத்துவிட்டார். அதனால் 'சிறு துடுப்பு' என்று பொருள்படும்படி 'மைக்ரோப்டெரஸ்' என்று பெயர் வைத்தார். உயிரோடு இருக்கும் எந்தப் பாஸுக்கும் அப்படி ஒரு குட்டித் துடுப்பு கிடையாது. ஆனாலும் முதலில் வைத்த பெயருக்கே முதல் உரிமை என்பது உயிரியலின் விதி. இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் பெயர்தான்.

இந்த மீனின் ஊரைப் பார்ப்போம். அமெரிக்க வரைபடத்தில் மேலே, நடுவில், ஐந்து பெரிய ஏரிகள் நீலமாகத் தெரியும். அவற்றைச் சுற்றி மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், இல்லினாய்ஸ் மாநிலங்கள். அந்த வட்டாரத்தை 'மிட்வெஸ்ட்' என்பார்கள். மினசோட்டாவில் ஓடும் வண்டிகளின் எண் பலகையிலேயே 'பத்தாயிரம் ஏரிகள்' என்று எழுதியிருக்கும். உண்மைக் கணக்கு அதைவிடக் கூடுதல். பத்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளவை மட்டுமே 11,842.

இத்தனை ஏரிகளையும் எந்த ராஜாவும் வெட்டவில்லை, பனி வெட்டியது. பனியுகத்தில் அந்த நிலத்தின் பெரும்பகுதி கனத்த பனிப்படலத்தின் கீழே கிடந்தது. சுமார் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பனி உருகி வடக்கே பின்வாங்கியபோது, பெரிய பெரிய பனிக்கட்டிகளை விட்டுச் சென்றது. அவற்றின் மேல் மணலும் கூழாங்கல்லும் மூடின. உள்ளே கட்டி மெல்ல உருகியதும் நிலம் உள்வாங்கிப் பள்ளமானது. பள்ளத்தில் நீர் நிறைந்தது. அந்த நீரில் ஓஜிப்வே பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தார்கள். இரவில் படகில் தீப்பந்தம் ஏற்றி, வெளிச்சத்தில் தெரியும் மீனை ஈட்டியால் குத்துவார்கள். அதைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் விஸ்கான்சினில் ஓர் இடத்துக்குத் 'தீப்பந்த ஏரி' என்றே தங்கள் மொழியில் பெயரிட்டார்கள். ஓஜிப்வே மொழியில் பாஸுக்குப் பெயர் 'அஷிகன்'.

குளிர்காலத்தில் இந்த ஏரிகளின் மேல்பரப்பு உறைந்து, மனிதர்கள் நடந்து போகும் அளவுக்கு இறுகிவிடும். உள்ளே மீன் எப்படிப் பிழைக்கிறது? தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். கனமானது அடிக்குப் போகும், அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதக்கும், மேலேதான் உறையும். அடியில் உறையாத நீரில் பாஸ் அதிகம் அசையாமல், அதிகம் தின்னாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

வசந்தம் வந்து பனி உருகும். கரையோர நீர் 15, 16 டிகிரிக்குச் சூடேறியதும் ஆண் பாஸ் ஆழத்திலிருந்து கரைப்பக்கம் வரும். வால்தான் அதற்குத் துடைப்பம். வாலை வீசி வீசிச் சேற்றையும் தூசியையும் விரட்டி, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும்படி ஒரு வட்டத்தைச் சுத்தம் செய்யும். ஒரு பெரிய தாம்பாளத்தைத் தண்ணீருக்குள் வைத்ததுபோல இருக்கும் அந்தக் கூடு. பெண் மீன் வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு எல்லாம் அப்பா பாடுதான்.

அது செய்யும் வேலையைப் பாருங்கள். துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். முட்டைக்குப் புது நீரும் அதிலுள்ள ஆக்சிஜனும் கிடைக்க வேண்டும், மேலே சேறு படியக் கூடாது என்பதற்காக. சில நாளில் முட்டை பொரியும். குஞ்சுகள் கறுப்புப் புள்ளிகளாகக் கூட்டம் கூட்டமாக மிதக்கும். அவை தாமாகப் பிழைக்கக் கற்கும்வரை அப்பா கூடவே சுற்றும். இத்தனை நாளும் அது வேட்டைக்குப் போவதே இல்லை என்று சொல்லலாம். இளைத்துப் போகும்.

கூட்டைச் சுற்றித் திருடர்கள். முக்கியத் திருடன் புளூகில். உள்ளங்கை அளவுத் தட்டை மீன், பாஸின் குடும்பத்தையே சேர்ந்த சொந்தக்காரன்! அப்பா கொஞ்சம் நகர்ந்தால் போதும், நாலு பக்கமிருந்தும் பாய்ந்து முட்டைகளை விழுங்கிவிடும். அதனால் கூட்டுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் பாஸ் பாய்ந்து கடிக்கும். கை இல்லாத அப்பா வேறு என்ன செய்யும்?

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை வந்துவிட்டது அல்லவா? கூட்டுக்குள் ஒரு தூண்டில் முள் இறங்குகிறது. பாஸின் கண்ணுக்கு அது இரை இல்லை, எதிரி. பாய்ந்து கடிக்கிறது. மாட்டிக்கொள்கிறது.

இனி மனிதர்கள் பக்கம் வருவோம். ஒரு காலத்தில் தூண்டில்காரர்களிடம் மதிப்பு டிரவுட் மீனுக்குத்தான். பாஸை இரண்டாம் தரமாக நினைத்தார்கள். ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவருக்கு அது பொறுக்கவில்லை. 1881-இல் இந்த ஒரு மீனுக்காகவே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதன் பிறகு பாஸின் புகழ் ஏறியது. அன்று தூண்டிலில் வைத்த இரை பெரும்பாலும் தவளையும் சிறு மீனும்தான். மிச்சிகன் மாநிலத்தில் டவாஜியாக் என்ற ஊரில் ஜேம்ஸ் ஹெட்டன் என்று ஒரு தேனீ வளர்ப்பாளர். ஆலைக் குளத்துக் கரையில் நண்பருக்காகக் காத்திருந்தவர், கையிலிருந்த மரத்துண்டைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தாராம். சீவி முடித்ததைத் தண்ணீரில் வீசினார். ஒரு பாஸ் பாய்ந்து அதை அடித்தது! மரத்திலேயே இரை செய்யலாமே என்று அவருக்கு அப்போது தோன்றியது என்று சொல்வார்கள். அவர் குடும்பம் தொடங்கிய தொழிற்சாலை செய்த போலி இரைகள் நாடு முழுக்கப் போயின.

மரத்துண்டு எப்படி மீனை ஏமாற்றுகிறது? மீனின் உடம்பின் இரு பக்கமும் 'பக்கக் கோடு' என்ற உணர்வு வரிசை ஓடுகிறது. நீரில் எழும் சின்ன அதிர்வையும் அது அறியும். போலி இரை துள்ளினால் அடிபட்ட மீன் துடிப்பதுபோல் அதற்குத் தோன்றும். நிறத்திலும் பாஸுக்கு நம்மைப்போல் பார்வை இல்லை. நம் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. பாஸுக்கு இரண்டே வகை. சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறியும். ஆனால் பளீரென்ற எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் என்று இல்லினாய்ஸ் ஆய்வாளர்கள் பழக்கிப் பார்த்துக் கண்டார்கள். கடைகளில் தொங்கும் நூறு நிற இரைகளில் பாதி மனிதர்களைக் கவர்வதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் பாஸ் ரயிலிலும் போனது. மிசிசிப்பி ஆற்றில் வெள்ளம் வடியும்போது பக்கத்துப் பள்ளங்களில் மீன்கள் சிக்கிக்கொள்ளும். வெயிலில் குட்டை வற்றினால் செத்துவிடும். அரசு ஆட்கள் வலைபோட்டு அவற்றை அள்ளி ஆற்றில் விட்டார்கள். ஒரு பகுதியைப் பால் கேன் போன்ற பாத்திரங்களில் ஏற்றி, மீனுக்கென்றே கட்டிய ரயில் பெட்டிகளில் தூர ஏரிகளுக்கு அனுப்பினார்கள். அள்ளி ஆற்றில் விட்டது நல்ல காரியம். ஆனால் பாஸ் இல்லாத ஏரிகளில் எல்லாம் கொண்டுபோய் விட்டதை நான் நல்லது என்று சொல்ல மாட்டேன். பாஸ் பெருந்தீனிக்காரன், பல இடங்களில் அங்கே இருந்த சிறு மீன்கள் அழிந்தன.

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன அந்த விஞ்ஞானி. பெயர் டேவிட் ஃபிலிப். இடம், இல்லினாய்ஸ் மாநிலத்தில் சார்ல்ஸ்டன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ரிட்ஜ் ஏரி. 1975-இல் தொடங்கிய ஆய்வு அது. தூண்டில் போட வருகிறவர்கள் முன்பதிவு செய்து வர வேண்டும். பிடித்த ஒவ்வொரு பாஸையும் படகிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைத்திருந்து கொடுக்க வேண்டும். ஆய்வாளர்கள் அதை அளந்து, அடையாளம் கட்டி, மீண்டும் ஏரியில் விடுவார்கள். நான்கு ஆண்டுகள் இப்படி நடந்தது. ஒரு மீன் முதல் இரண்டு நாளிலேயே மூன்று முறை மாட்டியது. இன்னொன்று ஒரே ஆண்டில் 16 முறை!

பிறகு ஏரி நீரை முழுக்க வடித்தார்கள். 1,700-க்கும் அதிகமான பாஸ் கிடைத்தன. அவற்றில் சுமார் 200 மீன்கள் நான்கு ஆண்டும் அங்கேயே இருந்தும் ஒருமுறைகூட மாட்டாதவை.

நீங்கள் அங்கே இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்? அந்த 200-க்கும் அதிர்ஷ்டமா? அல்லது பிறவிக் குணமா? ஃபிலிப்பும் அதைத்தான் கேட்டார். அடிக்கடி மாட்டியவற்றைத் தனியாகவும், மாட்டாதவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்யவிட்டார். இரண்டு வகைக் குஞ்சுகளையும் ஒரே குளத்தில் வளர்த்து மீண்டும் தூண்டில் போட்டார்கள். மூன்று தலைமுறை பார்த்தார்கள். மாட்டாதவற்றின் பிள்ளைகள் குறைவாகவே மாட்டின. தலைமுறைக்குத் தலைமுறை வித்தியாசம் கூடியது. ஆக, தூண்டிலில் மாட்டும் குணம் ஓரளவுக்குப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது.

இதற்கு அடுத்து வந்ததுதான் என்னை மிகவும் பாதித்த செய்தி. இரண்டு வகை ஆண் மீன்களையும் கூடு கட்டும் காலத்தில் கவனித்தார்கள். எளிதில் மாட்டும் வகையைச் சேர்ந்த அப்பாக்களே கூட்டை அதிக அக்கறையோடு காத்தன, திருடர்களை அதிக வேகத்தோடு விரட்டின, அதிகக் குஞ்சுகளைக் கரைசேர்த்தன. புரிகிறதா? எந்தத் துணிச்சல் குஞ்சுகளைக் காப்பாற்றுகிறதோ, அதே துணிச்சல்தான் முள்ளில் கொண்டுபோய் மாட்டிவிடுகிறது. கூடு கட்டும் காலத்தில் தூண்டில் போட்டால், ஏரியின் நல்ல அப்பாக்களைத்தான் முதலில் எடுக்கிறோம்.

இன்று அங்கே நிலைமை எப்படி? பிடித்த பாஸைத் திரும்பத் தண்ணீரில் விடுவது பெரிய பழக்கமாகிவிட்டது. சில வட மாநிலங்களில் முட்டைக் காலத்தில் பாஸை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று விதியும் உண்டு. ஏரிகளும் மாறிவிட்டன. விஸ்கான்சினில் மெண்டோட்டா ஏரி எப்போது உறைகிறது, எப்போது உருகுகிறது என்று 1850-களிலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். பனி மூடியிருக்கும் காலம் அன்றைக்கு இருந்ததைவிட ஏறக்குறைய ஒரு மாதம் குறைந்துவிட்டது. நீர் சூடேறும் விஸ்கான்சின் ஏரிகள் பலவற்றில் குளிர்நீரை விரும்பும் 'வால்ஐ' என்ற மீன் குறைந்து, பெரிய வாய் பாஸ் பெருகுகிறது. பாஸ் பிடிப்பவர்களுக்கு இது கொண்டாட்டம். வால்ஐ மீனை நம்பி வாழும் ஓஜிப்வே குடும்பங்களுக்கு இழப்பு.

பிடித்த பாஸைத் திரும்ப விடும் பழக்கத்துக்கு வருவோம். கூடு காக்கும் அப்பாவைப் பிடித்துவிட்டுத் திரும்ப விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். முள்ளைக் கழற்றி, அளந்து, படம் எடுத்து விடுவதற்குச் சில நிமிடம் ஆகும். புளூகிலுக்கு அந்தச் சில நிமிடம் போதும். திரும்பி வரும் அப்பா காலிக் கூட்டைப் பார்க்கும்; முட்டைகளில் பெரும்பகுதி போய்விட்டால், மிச்சத்தையும் விட்டுவிட்டுப் போய்விடும்.

சிகாகோவிலும் மினியாபோலிஸிலும் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. இதைப் படிக்கும் உங்களில் யாராவது அங்கே இருந்தால், உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மே மாதக் கடைசியில் அப்பாவோடு ஏரிக்குத் தூண்டில் எடுத்துக்கொண்டு போனால், முதலில் கரையோரத் தண்ணீரை உற்றுப் பாருங்கள். சேற்றுக்கு நடுவே பெருக்கித் துடைத்த வட்டம் ஒன்று தெரிந்து, அதன் மேல் ஒரு மீன் அசையாமல் நின்றால், அங்கே தூண்டில் போடாதீர்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு இடத்துக்குப் போய்விடுங்கள்.