அந்தமானிலேயே டாக்டர் படிப்பு!
பட்டம் கொடுப்பது புதுச்சேரி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் கொண்டு போய்விடலாம். அது 1965-ல் தொடங்கிய கல்லூரி.

அந்தமான்காரர்களுக்கோ 2015 வரை சொந்த மருத்துவக் கல்லூரியே கிடையாது. டாக்டருக்குப் படிக்க கடல் தாண்டி வரவேண்டும். கப்பல் என்றால் 3 நாள்!

அந்த ஆண்டுதான் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 100 இடங்களுடன் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. பயிற்சி, ஜி.பி.பந்த் ஆஸ்பத்திரியில். பட்டம் கொடுப்பது நம்ம பக்கத்து புதுச்சேரி பல்கலைக் கழகம்.

ஊர் டாக்டர்

வெளியூர் டாக்டர் மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். தீவிலேயே பிறந்தவருக்கு அவ்வளவு சீக்கிரம் மனசு வருமா? குட்டித் தீவில் இருந்து நோயாளியைப் படகில் ஏற்றி வருகிறவர்களுக்கு அதுதானே தெம்பு!