நெட்டையாகிச் சாயும் பூ நாற்றுகள்: தூக்கி எறியும் முன் செய்ய வேண்டியது என்ன?

ஹைதராபாத்: தெலங்கானாவில் 2014ஆம் ஆண்டு முதல் மாநில விழாவாகக் கொண்டாடப்படும் பதுகம்மாவில், ஆவாரம்பூ, செண்டுமல்லி, கோழிக்கொண்டை உள்ளிட்ட மலர்கள் அடுக்கடுக்காகக் கோபுரம் போல் அமைக்கப்படுகின்றன. இவ்விழாவிற்கு வீட்டிலேயே பூ பறிக்க விரும்புவோர் ஜூலை மாதத்தில் செண்டுமல்லி விதைக்கின்றனர். ஆனால், அடுத்த சில வாரங்களில் நாற்றுகள் நூல் போல மெலிந்து, ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுவதுண்டு.

செண்டுமல்லி விதைத்து 2 முதல் 3 மாதங்களில் பூக்கும். நெட்டையான நாற்றுகளை எறிந்துவிட்டு மீண்டும் விதைத்தால், விழா முடிந்த பிறகே பூ கிடைக்கும். அதற்கு மாறாக, அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றி நட்டுக் காப்பாற்ற இயலும்.

காரணம் என்ன?

போதிய ஒளி கிடைக்காததே முதன்மைக் காரணம். இலைகளில் உள்ள 'ஃபைட்டோகுரோம்' என்னும் நிறமி, ஒளியின் தன்மையை உணர்கிறது. நிழல் சூழ்ந்தால், செடி தன் ஆற்றலைத் தண்டை நீட்டச் செலவிட்டு ஒளியைத் தேடுகிறது. மழைக்கால மேகமூட்டம், அடுக்குமாடிப் பால்கனியின் நிழல், நெருக்கமாக விதைத்தல் ஆகியவை இதனை அதிகரிக்கின்றன. இது சத்துக் குறைபாடன்று. தழைச்சத்து உரமிட்டால் தண்டு மேலும் மெலியும்.

மாற்றி நடுவது எப்படி?

வித்திலைகளுக்கு மேல் இரண்டு இணை இலைகள் தோன்றியதும் மாற்றி நடலாம். மண், மட்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள 3 முதல் 4 அங்குலத் தொட்டியில் நிரப்ப வேண்டும். நாற்றைத் தண்டில் பிடிக்காமல் இலையில் பிடித்துத் தூக்க வேண்டும். இலை போனால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் செடியே போய்விடும்.

செண்டுமல்லியை வித்திலைகளுக்குச் சற்றுக் கீழ் வரை ஆழமாகப் புதைக்கலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர்கள் தோன்றி, செடியை நிமிர்த்தும்.

எல்லாச் செடிகளுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. பெட்டூனியா, சைனா ஆஸ்டர், பான்ஸி நாற்றுகளின் குருத்து மண்ணில் புதைந்தால் அழுகிவிடும். கோழிக்கொண்டைக்கு வேர் கலைவது ஆகாது. அதனை மண்கட்டியுடன் பெயர்த்து, பழைய ஆழத்திலேயே நட்டு, சிறு குச்சி ஊன்றித் தாங்கல் அளிக்கலாம்.

நட்ட பிறகு

மாலை வேளையில் நட்டு, 2 அல்லது 3 நாட்கள் நிழலில் வைத்த பின், வெயிலைப் படிப்படியாகக் கூட்டி, நாள்தோறும் 6 மணி நேரம் வெயில் படுமாறு வைக்க வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். ஈரம் மிகுந்தால் பூஞ்சையால் நாற்றழுகல் நோய் தாக்கும். செண்டுமல்லி வேரூன்றியதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். எனினும், அதனால் பூப்பது சில நாட்கள் தள்ளிப்போகும் என்பதால், விழா நெருங்கிய நிலையில் கிள்ளாமல் விடுவதே நல்லது.

நீண்ட தண்டு மீண்டும் குறுகாது. தொட்டியை மாற்றியும் இடத்தை மாற்றாவிட்டால், புதிய தளிரும் அதே போல் நெட்டையாகவே வளரும்.