ஏலக்காய்ச் சல்லடையில் ஒரு கணக்குப் பாடம்

சக்குபள்ளம் ஏலத் தோட்டங்களில் பறித்த காய், ஸ்டோரில் உலர்ந்து வெளிவந்ததும் சல்லடைக்குப் போகிறது. 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது ஒரு குவியல்; 7க்கும் 8க்கும் இடைப்பட்டது இன்னொன்று; அதற்கும் கீழானது வேறு. குவியலுக்குக் குவியல் விலை மாறும். கம்பம் பக்கத்திலிருந்து ஜீப் ஏறி மலைக்கு வரும் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. இதையே ஒரு தாளில் வரைந்தால் உயிரியல் புள்ளியியலின் முதற்பாடம் ஆகிவிடும்.

நூறு காய்களை எடுத்து அளக்க வேண்டும். கீழ்க்கோட்டில் பருமனையும், பக்கக்கோட்டில் அந்தப் பருமனில் எத்தனை காய்கள் என்பதையும் குறித்தால், பெரும்பாலும் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மணி போன்ற படம் கிடைக்கும். படம் அகன்றிருக்கிறதா, ஒடுங்கியிருக்கிறதா என்பதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது.

உதாரணமாக, ஒரு செடியின் ஐந்து காய்கள் 6.8, 6.9, 7.0, 7.1, 7.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு செடியில் 5, 6, 7, 8, 9. இரண்டுக்கும் சராசரி 7தான். ஆனால் சராசரியிலிருந்து விலகும் அளவைக் காட்டும் திட்ட விலக்கம் முதல் செடியில் 0.14, இரண்டாவதில் 1.41. எட்டாம் நம்பர் சல்லடையில் முதல் செடியின் காய் ஒன்றுகூட நிற்காது; இரண்டாவதில் இரண்டு நிற்கும். சராசரியை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர் ஏமாந்துவிடுவார்.

பிறவியா, மண்ணா?

பெரிய காய் காய்க்கும் செடியைக் கண்டதும் அதன் விதையை எடுத்து நாற்று விடத் தோன்றுவது இயல்பு. ஏலச் செடியிலோ தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. எனவே விதை நாற்றுகள் தாயைப் போலவே இருப்பதில்லை. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் 1870களில் ஸ்வீட் பீ என்னும் பூச்செடியின் விதைகளை அளந்து, பெரிய விதையின் வாரிசுகள் சராசரியை நோக்கித் திரும்புவதைக் கண்டார். தட்டையைப் பிரித்து நட்டால் இந்தத் தொல்லை இல்லை. தாயின் குணம் அப்படியே வரும்.

அப்போதும் ஒரு சந்தேகம் மிஞ்சும். ஓடைக்கரை ஈரமும் நல்ல நிழலும் கிடைத்ததால்தான் அந்தச் செடி பருத்ததோ? இதற்கு வழி காட்டியவர் 1919-ல் ராதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ஆர். ஏ. பிஷர். நிலத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லாச் செடிகளின் தட்டைகளையும் குலுக்கல் முறையில் நட வேண்டும். ஒரே தாயின் தட்டைகளுக்குள் காணும் வேறுபாட்டைவிட, வெவ்வேறு தாய்களுக்கிடையே உள்ள வேறுபாடு தெளிவாக மிகுந்திருந்தால் அது பிறவிக் குணம். இல்லாவிட்டால் மண்ணின் தயவு. நம் நாட்டு விவசாய ஆராய்ச்சியாளர்களுக்காக பான்சேயும் சுகாத்மேயும் 1954-ல் எழுதிய நூல் இக்கணக்குகளைப் பரப்பியது.

தோட்டக்காரரின் கண்

கணக்குக்கு முன்னே கண் போவதும் உண்டு. கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த 'ஞள்ளானி' ஏலம், தட்டைகள் மூலமே பெருகி 1990களிலிருந்து இடுக்கி மலைகளில் பரவியது. விளைச்சல் கூடியது, காயும் பருத்தது.

இதில் ஒரு கவலையும் உண்டு. ஒரே இரகத்தை மலை முழுதும் நட்டால் படம் ஒடுங்கிவிடும். வியாபாரிக்கு அது லாபம். ஆனால் கட்டை நோயோ அழுகலோ வரும்போது தாக்குப்பிடிக்கும் செடியைத் தேட, அகன்ற படம் வேண்டும். மலபார், மைசூர், வழுக்கை என்ற பழைய வகைகளில்தான் அந்த வேறுபாடு மிகுதி. 1956-ல் தொடங்கிய பாம்பாடும்பாறை நிலையமும் 1978-ல் தொடங்கிய மயிலாடும்பாறை ஆராய்ச்சி நிலையமும் இப்படிப்பட்ட செடிகளைச் சேகரித்து வளர்க்கின்றன. சரத்தின் நீளம், சரத்துக்குக் காய், காயின் பருமன் என்று செடிவாரியாக அளந்து குறித்தால்தான், அவற்றுள் எதை அடுத்த நடவுக்கு எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.