மடியிலே ஓர் ஆயுதம்

“மடியிலே கனமிருந்தால் வழியிலே பயம்” என்பது முன்னோர் மொழி. பொருளை மடியில் முடிந்துகொண்டு வழிநடந்தவனின் அச்சத்தை அது கூறுகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலோ, வழிப்பயத்தைப் போக்குவதற்கென்றே மடியில் ஒரு கனத்தைச் சுமப்போர் பலர் உளர். அக்கனம் கைத்துப்பாக்கியாகும்.

ஆயுதம் வைத்திருப்பதும் தாங்கிச் செல்வதும் மக்களின் உரிமை எனக் கூறும் இரண்டாந் திருத்தம், 1791ஆம் ஆண்டிலே அந்நாட்டின் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டது. தற்காப்புக்காக வீட்டிலே கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை தனிமனிதருக்கு உண்டென அதியுயர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு வெளியே அதனைச் சுமந்து செல்லும் உரிமையும் உண்டென 2022இல் அதே நீதிமன்றம் தீர்த்தது. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில், சட்டம் விதித்த தகுதியுடையோர் அனுமதிப்பத்திரமின்றியே அதனை மறைத்துச் சுமக்கலாம். சட்டம் உரிமையைத் தரும். பாதுகாப்பையோ சுமப்பவனே தேடிக்கொள்ளல் வேண்டும்.

கைத்துப்பாக்கியைச் சுமக்கும் இடங்கள் பல. அவற்றுள் முன்னிடுப்பைப் பலர் விரும்புகின்றனர். கொப்பூழுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே, காற்சட்டையின் உட்புறமாக அது அமையும். வலப்பக்கத்திலே குடல்வால் உள்ள இடத்தை ஒட்டியிருப்பதனால், அவ்வுறுப்பின் பெயராலேயே அமெரிக்கர் இம்முறையைக் குறிப்பர். தொளதொளத்த சட்டையொன்றே அதனை மறைக்கப் போதும். கை விரைவில் எட்டும். சனநெருக்கத்திலே பிறர் பறிக்க முயன்றால் தன் இரு கைகளாலும் காத்துக்கொள்ளலாம். முதுகுப்புறத்தில் வைப்பவனுக்கு இவ்வசதி இல்லை.

ஆயினும், நன்மை தரும் இவ்விடமே பேரிடருக்கும் இடமாகும். அங்கே குழலின் வாய் சுமப்பவனின் தொடையையும் அடிவயிற்றின் கீழ்ப்பகுதியையும் நோக்கியிருக்கும். தொடையினூடாகப் பெரிய நாடியொன்று ஓடுகின்றது. அது அறுபட்டால் சில நிமிடங்களிலேயே குருதியிழந்து உயிர் போகலாம்.

பிளாக்சிக்கோ பரஸ் என்னும் பெயர்பெற்ற அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரருக்கு 2008 நவெம்பரிலே நேர்ந்தது இதற்குச் சான்று. நியூயோர்க் நகரின் இரவு விடுதியொன்றிலே அவர் தம் இடுப்பிற் செருகியிருந்த கைத்துப்பாக்கி காற்சட்டையினுள்ளே நழுவி வெடித்தது. ரவை அவருடைய வலத் தொடையைத் துளைத்தது. உயிர் தப்பினார், ஆனால் அந்நகரில் அதனைச் சுமப்பதற்கு அனுமதிப்பத்திரம் இன்மையால், 2009இல் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவரைக் காயப்படுத்தியவர் பகைவர் அல்லர். காவலுக்கென அவர் கொண்டுசென்ற கருவியே.

இக்கால கைத்துப்பாக்கிகள் பலவற்றிற்குக் கையாற் பூட்டும் தடை கிடையாது. விசை பின்னோக்கி அழுத்தப்பட்டால் அவை வெடிக்கும். அழுத்துவது விரலா, சட்டை நுனியா, காற்சட்டை நாடாவா என்று கருவி அறியாது. ஆகவே முன்னிடுப்பிற் சுமப்பவனுக்கு முதற் காவல் உறையாகும். அது விசையையும் அதனைச் சூழ்ந்த வளையத்தையும் முற்றாக மூடல் வேண்டும். கவிழ்த்தாலும் கருவி விழாதவாறு பற்றியிருத்தல் வேண்டும். கருவியை எடுத்தபின் வாய் சுருங்காது திறந்தே நிற்றல் வேண்டும். இதற்காகவே கடினமான பிளாஸ்ரிக் உறைகளைப் பலர் தெரிந்தெடுக்கின்றனர். நாட்பட்டு நைந்த தோலுறையின் விளிம்பு உள்ளே மடிந்து விசையை அழுத்தவுங்கூடும்.

உடல் வசதியும் பெரும்பாலும் உறையையே பொறுத்தது. உறையின் கீழ்முனையிலே உட்புறமாக ஒரு மெத்தைத்துண்டை ஒட்டினால், குழலின் வாய் உடலினின்றும் சற்று விலகும். பிடியோ உடலோடு ஒட்டி மறையும். அமரும்போது வயிற்றில் உறுத்துவதும் குறையும். தடித்த இடுப்புப்பட்டி பாரத்தைத் தாங்கும். மெல்லிய பட்டி தளர்ந்து கருவியை ஆடவிடும்.

கருவியை மீண்டும் உறையில் இடும் வேளையிலேதான் மிகுந்த கவனம் வேண்டும். உறையைக் கழற்றி, கருவியை அதனுள் வைத்து, இரண்டையும் ஒருங்கே இடுப்பில் அணிவது சிறந்தது. இடுப்பிலிருக்கும் உறையிலேயே இடுவதாயின், விரலை விசையினின்றும் விலக்கி, சட்டையை நன்கு உயர்த்தி, குழல் உடலை நோக்காதவாறு இடுப்பை முன்தள்ளி, கண்ணாற் பார்த்து மெல்ல இடல் வேண்டும். எடுப்பதில் விரைவு தேவைப்படலாம். வைப்பதில் விரைவுக்குத் தேவையே இல்லை. நழுவி விழும் கருவியைப் பாய்ந்து பிடிக்கவுங் கூடாது. பிடிக்கும் விரல் விசையிற் படலாம்.

கள்வன் என்றோ ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் இடுப்பிலுள்ள கருவி நாள்தோறும் உடன் வருகின்றது. அதனிடமிருந்து தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கத் தெரியாதவனுக்கு அது காவலாகாது. மடியிற் கனமே ஆகும்.